ஒரு போன், மூன்று பிள்ளைகள்

மலேசியாவில், விமான நிலையத்தை ஒட்டிய செனாயில் விமானச் சத்தமே கேட்காமல் போன மாதங்கள் அவை. கடைவீட்டு மாடியில் எங்கள் ஆபீஸ். ஏர்கான் குளிரும் சானிட்டைசர் வாடையும் சேர்ந்து மூக்கை அடைக்கும்…

எம்.சி.ஓ. என்ற கொரோனா ஊரடங்குக் காலம். பள்ளிகள் மூடிக் கிடந்தன. ஜோகூர் முழுக்க, பள்ளிப் பிள்ளைகளுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே ஆன்லைன் கற்றல் தளம் கட்டும் வேலை எங்கள் சின்ன கம்பெனிக்குக் கிடைத்தது. மொத்தம் ஆறு பேர். மூன்று வேளையும் கப் மீ நூடுல்ஸ்தான். ஆனாலும் ஒரு கர்வம் இருந்தது. ஊரே அடங்கிக் கிடக்கும்போது நாம்தான் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டுகிறோம் என்ற கர்வம்.

தளத்துக்குள் யார் நுழையலாம், யார் நுழையக்கூடாது என்று தீர்மானிக்கும் பகுதி என் பொறுப்பு. சில மாதம் ஓடியதும் மேலிடத்துக்கு ஒரு கவலை வந்தது. ஒருத்தன் இன்னொருத்தனுக்காக உள்ளே போய்ச் சோதனை எழுதினால்? நான் ஒரு விதி எழுதினேன். ஒரே போனில் ஒரே நாளில் மூன்று மாணவர்கள் நுழைந்தால், மூன்றாவது கணக்கு பூட்டிக்கொள்ளும்.

பக்கத்து மேசை ஹாஃபிஸ் மலாய்க் கிராமத்தில், கம்பத்தில் வளர்ந்த பையன். "அபாங், வீட்டில் மூன்று பிள்ளைகள் ஒரே போனை கொங்சி போட்டு மாறி மாறி எடுத்தால்?" என்று மலாயில் கேட்டான்.

அலமாக், இந்தக் காலத்தில் யாரிடம்டா போன் இல்லை என்று சிரித்துவிட்டு, விதியை ஓடவிடும் பட்டனை அமுக்கினேன்.

சிரித்தது யார்? கூலாய் பக்கம் எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். லயத்துக்கே ஒரே டெலிபோன், அதுவும் எஸ்டேட் குமாஸ்தாவான கிராணியின் ஆபீசில் இருந்ததைக் கண்ணால் பார்த்தவன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாளே திரையில் சிவப்புச் சிவப்பாகக் கணக்குகள் பூட்டிக்கொண்டன. "மாட்டுனாங்கடா!" என்று கைதட்டினேன். நிஜமான பிள்ளையாக இருந்தால் உதவிப் படிவத்தை நிரப்பட்டும், திறந்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம். ஒரு படிவம்கூட வரவில்லை. பார்த்தாயா, எல்லாம் கள்ளக் கணக்கு என்றேன்.

அந்தப் படிவம் தளத்துக்கு உள்ளே இருந்தது. உள்ளே நுழைந்தால்தான் நிரப்ப முடியும். ஆறு பேரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை…

ஒன்றரை மாதம் கழித்து ஒரு போன். சாஆ என்ற சின்ன ஊரிலிருந்து, எப்படியோ என் நம்பரைப் பிடித்துக் கூப்பிட்ட ராஜம் டீச்சர்.

"தம்பி, எங்க ஸ்டூடன்ட் தேவிகான்னு ஒரு புள்ள. ஸ்கூல்ல அஞ்சாம் படிவம் முடிச்சிட்டு உங்க சிஸ்டம்லதான் காலேஜ் கோர்ஸ் செஞ்சிக்கிட்டு இருந்துச்சு. அத முடிச்சா லேப் டெக்னிஷியன் படிக்க சீட்டு. கடைசிப் பாடம் ஒன்னுதான் பாக்கி, திடீர்னு பூட்டிக்கிச்சு. யார் யாருக்கோ போன் அடிச்சிட்டேன்லா, ஒருத்தரும் எடுக்கல."

அவள் பதிவைத் திறந்தேன்.

இரவு ஏழு மணிக்கு ஒரு சின்னப் பையன். ஏழரைக்கு இன்னொரு பையன். எட்டு மணிக்கு அவள். தினமும் இதே வரிசை.

"அப்பா எஸ்டேட் லாரி ஓட்டுறாரு. போன் அவருகூடவே போயிடும். அவரு வீட்டுக்கு வந்தாதான் புள்ளைங்க கைக்கு வரும். தேவிகா எப்பவும் தம்பிங்கள முதல்ல விட்டுடும்" என்றார் டீச்சர்.

தம்பிகளை முதலில் விட்டதால் அவள் மூன்றாவது. பூட்டிய பிறகும் முப்பத்தாறு நாள், தினமும் எட்டு மணிக்கு வந்து தட்டியிருக்கிறாள். அதற்கப்புறம் வெறுமை.

"இப்பவே தொறந்துட்டேன் டீச்சர்."

"தொறந்து என்ன செய்ய? சீட்டெல்லாம் முடிஞ்சிருச்சு. அந்தப் புள்ள போன வாரமே வேலைக்குன்னு செனாய் ஃபேக்டரி பஸ்ஸு ஏறிடுச்சு." பிறகு, "நீங்களும் நம்ம ஆளுதானே தம்பி… நம்ம வீடுங்க எப்படின்னு தெரியாதா?" என்றார்.

கல்லூரிக்கு நானே கடிதம் எழுதினேன். 'தொழில்நுட்பக் கோளாறு' என்றுதான் எழுதினேன். என் தவறு என்று எழுதக் கை வரவில்லை. இடமில்லை என்று பதில் வந்தது.

விதியை அன்றே எடுத்துவிட்டோம். இப்போது உதவிப் படிவம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரே போனில் அண்ணன் தம்பி அக்காள் தங்கை எத்தனை பேரும் படிக்கலாம். விமானங்களும் பழையபடி தலைக்கு மேல் போகின்றன. நல்ல தளம் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

போன மாதம் செனாய் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் ஃபேக்டரி சட்டை போட்ட ஒரு பெண். என் லேப்டாப்பில் ஒட்டியிருந்த தளத்தின் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு அவளே பேசினாள்.

"அண்ணே, நீங்க இதுலதான் வேல செய்றீங்களா? என் தம்பி இதுலதான் படிச்சான். இப்ப ஜேபி டவுன்ல காலேஜ்."

"நீ படிக்கலையாம்மா?"

"படிச்சேன்ணே. காலேஜ் சீட்டுக்கு ஒரு பாடம்தான் பாக்கி. எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல, பூட்டிக்கிச்சு. வீட்டுல செம ஏச்சு… எனக்கு இந்த கம்ப்யூட்டர்லாம் வராதுண்ணே" என்று சிரித்தாள்.

சட்டையில் பேரைப் பார்த்தேன். எந்த ஊர் என்று கேட்டேன். சாஆ என்றாள்.

பூட்டியது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். டீயைக் கலக்கிக்கொண்டிருந்தேன். ஃபேக்டரி பஸ் ஹாரன் அடித்தது. "வரேன்ணே" என்று பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் ஒரு கோழை, வேறென்ன சொல்ல…

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். சாஆ பக்கத்து நண்பர்கள் யாராவது அவளிடம் இதைக் காட்டுங்கள்.

தேவிகா, நீ எதையும் தப்பாக அமுக்கவில்லையம்மா. அமுக்கியது நான்.