நீலச் சுவரும் உழவாரன் குஞ்சுகளும்

நாணுடைமை என்பது தலைகவிழ்ந்து நிற்பதன்று. தன் கை செய்த வேலையைத் தன் மனமே விசாரணைக்கு இழுக்கும்போது, சாக்குச் சொல்லாமல் நிற்பது. அவ்வியல்பு உடையவர், கட்டடங்களுக்கு வண்ணம் அடிக்கும் தொழிலாளி ஒருவர். நெடிய உடம்பினர் ஆதலின் அவர் பெயர் ஏணி என்றே ஆகிவிட்டது. சாரம் கட்டாமலே முதல் மாடிக்கு வண்ணம் அடிப்பவர் என்பது கூட்டாளிகளின் கேலி.

அவ்வூரில் பழைய அச்சகம் ஒன்றின் மேற்குச் சுவர் மூன்று மாடி உயரம். அதன் கூரைவிளிம்பின் அடியிலுள்ள பொந்துகளில் உழவாரன் குருவிகள் கூடு கட்டி வாழ்ந்தன. அரிவாள் போல் வளைந்த சிறகுடைய பறவை அது. கூடு ஒன்றைத் தவிர வேறெங்கும் இறங்க விரும்பாது வானிலேயே திரிவது. கோடை ஆண்டுக்கு ஆண்டு கொடியதாகி வர, பொந்தின் வெம்மை தாளாத குஞ்சுகள் சிறகு முற்றுமுன்பே வெளியே குதிக்கத் தொடங்கின. குதித்தவை நடைபாதையில் கிடந்தன. கடப்போர் ஒதுங்கி நடந்தனர். அண்ணாந்து பார்த்தவர் சிலரே.

பறவைச் சங்கத்தின் தலைவி ஒரு பல் மருத்துவர். பல்லில் ஓட்டை பார்த்துப் பார்த்துச் சுவரிலும் ஓட்டை பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது என்று தம்மைத் தாமே கிண்டல் செய்துகொள்பவர். அவர்தாம் ஏணியைத் தேடி வந்தார்.

“அண்ணே, நோட்டீஸ் குடுத்தா மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டுப் போயிடுறாங்க. சுவத்தை மடிக்க முடியாதுல்ல? அதுல வரைஞ்சு குடுங்க.”

ஏணி வரைந்தார். ஒரு மூலை நீங்கலாகச் சுவர் முழுதும் கருநீல வானம்; அதில் வட்டமிடும் உழவாரன்கள்; கீழே, மனிதர் கண்மட்டத்தில், வாய் பிளந்தபடி விழும் குஞ்சுகள். மாலைதோறும் கூட்டம் கூடியது. பழைய கட்டடங்களுக்கெல்லாம் வெயில் தடுப்பும் கூட்டுப்பெட்டிகளும் வேண்டும் என்பது சங்கத்தின் கோரிக்கை. ஓவியத்தின் புகழ் நகராட்சிக் குழுவின் செவிக்கும் எட்டியது. ஞாயிறன்று நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினர்.

அதற்கு முந்திய வியாழன் பிற்பகல், ஒரு சிறகின் ஓரத்தைத் திருத்தச் சாரத்தில் ஏறிய ஏணி, உள்ளங்கையைச் சுவரில் ஊன்றினார். ஊன்றிய வேகத்திலேயே இழுத்துக்கொண்டார். அடுப்பில் ஏற்றிய இரும்புச் சட்டி போல் சுவர் கொதித்தது. எட்டி, வண்ணம் படாத வெள்ளை மூலையைத் தொட்டார். அது இளஞ்சூடாகவே இருந்தது. கீழே பார்த்தார். நடைபாதையில் குஞ்சுகள்.

கருநிறம் வெயிலைக் குடிக்கும் என்பது அவர் அறியாததன்று. மேற்குச் சுவருக்குக் கருநிறம் கேட்கும் வீட்டுக்காரர்களைத் தடுப்பவரே அவர்தாம். ஆயினும் வானத்தை வரைகிறோம் என்று எண்ணினாரே அன்றி, சுவருக்கு வண்ணம் அடிக்கிறோம் என்று எண்ணவில்லை.

உயிர் இருந்தவற்றைத் தொப்பியில் ஏந்திக்கொண்டு பல் மருத்துவமனைக்கு நடந்தார். மருத்துவர் அவற்றைப் பஞ்சில் கிடத்தினார்.

“டாக்டரம்மா, இதுங்களை வெயில் தள்ளுச்சா, நான் தள்ளினேனா?”

“போன வருஷம் சுவர் வெள்ளையாத்தானே இருந்துச்சு? அப்பவும் விழுந்துச்சேண்ணே.”

“அதான் குழப்பமே. இதுல எது வெயிலுக்கு, எது எனக்கு?”

“தெரியல. பல்லுன்னா எக்ஸ்ரே எடுத்துப் பாத்துச் சொல்லிடுவேன்.”

“அழிச்சுடவா?”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்கண்ணே. வெறுஞ்சுவத்தைப் பாத்தா அவங்க மனசு இறங்குமா? மத்த கட்டடத்துக் கூடெல்லாம் இதை நம்பித்தான் இருக்கு.”

“இந்தச் சுவத்துக் கூடு அதுவரைக்கும் பொறுக்குமா?”

மருத்துவர் பஞ்சைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

வீட்டில் ஏணி தட்டின் முன் அமர்ந்தும் கை நனைக்கவில்லை. அவர் மனைவி பேருந்து நடத்துநர். வாயால் வண்டியையே நிறுத்தக்கூடியவர்.

“என்னங்க, சோத்தையே பாத்துக்கிட்டு இருக்கீங்க? அதுக்கும் நீலம் அடிக்கப் போறீங்களா?”

ஏணி நடந்ததைச் சொன்னார். “படம் இருந்தா இந்தக் குஞ்சு போயிடுமோன்னு இருக்கு. அழிச்சா ஊர்ல இருக்கிற மத்ததுக்கு வழி அடைஞ்சுடுமோன்னு இருக்கு. அழிக்கப் போயி, பெயின்ட் வாடைக்குத் தாய்க்குருவி வராமப் போச்சுன்னா என்ன பண்றது? தலை வெடிக்குதுடி.”

“தெரியாததை விடுங்க. தெரிஞ்சதைச் சொல்லுங்க.”

“சுவர் சுடுது. சுட வெச்சது நான்.”

“அப்புறம் என்ன? படிக்கட்டுல நின்னுக்கிட்டு யோசிக்கிறவங்களை நான் தினமும் பாக்கிறேன். ஏறுங்க, இல்ல எறங்குங்க. படம் இவ்வளவு நல்லா வந்துடுச்சேன்னுதானே கை வரல?”

அதுவும் உண்மைதான்.

வெள்ளிக்கிழமை விடியலில் வெள்ளை வண்ணமும் நீண்ட கழி பூட்டிய உருளையுமாக ஏறினார். பொந்துகளை ஒட்டி ஒரு சாண் அகலத்தை வாடைக்கு அஞ்சி விட்டுவிட்டு, அதன்கீழ் வானத்தை மறைத்தார். வரைந்த பறவைகள் மறைந்தன. கண்மட்டத்துக் குஞ்சுகளிடம் வந்ததும் கை தயங்கிற்று. அவற்றையும் மறைத்தார்.

மருத்துவர் வந்து நின்றார். “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே.”

“கேட்டேம்மா. வேணாம்னீங்க.”

அவர் திரும்பிப் போனார். ஆயினும் ஞாயிறன்று, குழுவினர் வெறுஞ்சுவரைப் பார்த்து விழித்தபோது, முன்னே நின்று விளக்கியவர் அவரே.

“படத்தால சுவர் சூடாயிடுச்சுங்க. வரைஞ்சவரே அழிச்சுட்டார்.”

“அப்ப கோளாறு கலர்லதான். வெயில்ல இல்ல,” என்றார் ஓர் உறுப்பினர்.

“வெயில் இல்லாம கலர் எப்படிய்யா சுடும்?” என்றார் மற்றவர்.

இருவரும் வாதிட்டுக்கொண்டே வண்டி ஏறினர். யோசித்துச் சொல்கிறோம் என்பதே கிடைத்த விடை.

சுவர் வெள்ளையானபின் விழுந்த குஞ்சுகள் குறைந்தன. ஆனால் சனிக்கிழமையே வானத்தில் மேகமும் கூடியிருந்தது. ஏணி பிற்பகல்தோறும் போய்ச் சுவரில் கை வைத்துப் பார்க்கிறார். ஒருநாள் மருத்துவரும் அருகே வந்து கை வைத்தார்.

“சூடு இல்லண்ணே.”

“இல்லதான். மேகத்தாலயா வெள்ளையாலயான்னு தெரியலையேம்மா.”

“எனக்கும் தெரியல,” என்று சொல்லி அவர் அங்கேயே நின்றார். இருவர் தலைக்கும் மேலே ஒரு தாய்ப்பறவை பொந்துக்குள் புகுந்து வெளிப்பட்டது.

தன்னை விடாது வினவும் ஏணியின் நெஞ்சு நீடு வாழ்க. அவர் மனையில் உலை ஓயாதிருக்க. மனையாளின் சொல் மங்காதிருக்க. அவர் கூரைமேல் மழை காலந்தவறாது பொழிக. எல்லா உயிர்க்கும் கூடு அளித்த இறைவன் அவ்வில்லத்தில் என்றும் உடனிருந்து காக்க.