அரையும் அரையும்

எங்கள் தோட்டத்தில் மருந்து என்றால் பாதி நேரம் விஷம் என்றுதான் பொருள். எண்பதுகளின் நடுவில் புல்லுக்கு அடிக்கும் மருந்து ஒன்றுக்கு இரண்டானது. இரண்டையும் பாதிப்பாதியாக ஒரே பம்பில் கலந்து அடிக்கச் சொன்னார் எங்களை வேலை ஏவும் மண்டோர். எல்லாம் பாதிதானே, ஒன்றும் செய்யாது என்றாராம். அந்தப் பம்பை முதுகில் சுமந்தவர்களில் என் அம்மாவும் ஒருவர்.

கோலாலம்பூரில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தவள், விடுமுறைக்குக் கோலசிலாங்கூர் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்திருந்தேன். தலைக்கனத்துக்குக் குறைச்சலில்லை. ஒரே மாதிரி வேலை செய்யும் இரண்டு விஷங்கள் சேர்ந்தால் அரையும் அரையும் ஒரு முழு அளவுதான் என்று பிரசங்கம் செய்தேன். புளி பாதி, எலுமிச்சை பாதி போட்டால் ரசம் புளிக்காமலா போகும்? அம்மா விழுந்து விழுந்து சிரித்து, மண்டோருக்கு ரசம் வைக்கத் தெரியாதே என்றார்.

சரி, கண்ணால் பார்க்கட்டும் என்று வீட்டுக்குப் பின்னால் ஓடும் லொங்காங் வாய்க்காலில் இறங்கிக் கப்பி மீன் பிடித்தேன். ஒவ்வொரு மருந்தும் தனியாக எவ்வளவு இருந்தால் மீன் சாகும் என்று முதலில் பார்த்துக்கொண்டேன். பிறகு நான்கு ஜாம் போத்தல்கள். ஒன்றில் வெறும் தண்ணீர். அடுத்த இரண்டில் போத்தலுக்கு ஒரு மருந்து, சாகும் அளவில் பாதி. நான்காவதில் இரண்டு பாதியும் சேர்ந்து. அதில் மட்டும்தான் மீன் சாகும் என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

விடிந்து பார்த்தால் நான்காவதில் செத்திருந்தன. வெறும் தண்ணீரிலும் செத்திருந்தன. இனி யார் நம்புவார்கள்? அழுகையே வந்துவிட்டது. விசாரித்தால், பசிக்குமே என்று அம்மா அந்த வெறும் தண்ணீர்ப் போத்தலில் ஒரு பிடி சோறு போட்டிருக்கிறார்; சோறு ஊறித் தண்ணீரே கெட்டுவிட்டது. மற்றதில் ஏன் போடவில்லை என்றேன்.

“அதெல்லாம் மருந்துல இருக்கு லா. பத்தியம் வேணாமா?”

மறுபடியும் லொங்காங். இந்த முறை அம்மாவுக்குப் பயந்து போத்தல் வாயைத் துணியால் கட்டினேன். மறுநாள் மூன்று போத்தல்களில் வால்கள் ஆடின. நான்காவதில் ஒன்றும் அசையவில்லை. நான் குதித்த குதியில் பலகைத் தரையே ஆடியது. செத்த மீனைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அம்மாவையும் கையைப் பிடித்துச் சுற்றினேன். மூச்சு வாங்கச் சிரித்தவர், நின்று, நான்காவது போத்தலையே பார்த்தார்.

“மண்டோரக் கூட்டிட்டு வரேன். அவருகிட்டயும் இதே மாதிரி குதிச்சுக் காட்டு,” என்றார். “குதிச்சு முடிச்சிட்டு, என் பம்ப அவரு முதுகுல மாட்டிவிடு.”