மாட்டுங்காவில் மாட்டிக்கொண்ட ஸ்பானியச் சொல்

எண்பதுகளில் ஒரு மழைக்காலம். பம்பாய் தாராவியில் மருந்தகம் நடத்திய ஸ்பானியக் கன்னியாஸ்திரீ ஒருவர், தாய்மார்களுக்கான ஸ்பானிஷ் மனநலக் கையேடு ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்துத் தரக் கேட்டார். ஆறு மாதம் ஸ்பானிஷ் படித்த திமிரில் ஒப்புக்கொண்டேன்.

'நிங்குனெயோ' என்ற சொல்லில் மாட்டினேன். எதிரில் இருப்பவரை ஓர் ஆளாகவே மதிக்காமல், அவருடைய தன்மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும் பழக்கங்களுக்கு அங்கே ஒரே சொல். மறுநாள் கையேடு அச்சுக்குப் போக வேண்டும். பயத்தில், ராசிக்காகப் பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அகராதிக்கு ஊதுவத்தி ஏற்றினேன். மாட்டுங்கா வீட்டு ஜன்னலில் மழை வழிந்தது. லோக்கல் ரயிலின் சத்தம் கனவுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்து போனது.

என் கிறுக்கலைப் பார்த்து நல்ல பிரதி எடுத்துக்கொண்டிருந்த மனைவியிடம் அர்த்தத்தைச் சொன்னேன். அவள் பேனாவை நிறுத்தவில்லை.

"ஞாயித்துக்கிழமை முலுண்டிலேர்ந்து உங்க ஆபீஸ்காரா வந்தாளே. என்னைக் கேட்டதுக்கெல்லாம் நீங்களே பதில் சொன்னேள். 'அவளுக்கு என்ன தெரியும்'னு சிரிச்சேள். நான் அங்கேயேதான் நின்னுண்டிருந்தேன்."

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் நான். அன்று அகராதியை மூடி வைத்தேன். 'இருப்பவரை இல்லாதவராக்குவது' என்று அவளே எழுதினாள்.

மறுநாள் வந்த கன்னியாஸ்திரீ, அந்த வரியின் அர்த்தத்தையும் அதை எழுதியது யார் என்பதையும் கேட்டுவிட்டு, "இது எப்படித் தோன்றியது?" என்று ஹிந்தியில் அவளிடம் கேட்டார். என் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன்.

அவள் யோசித்தாள். மழை பெய்தது. அந்தச் சில நொடிகள் சும்மா இருக்க நான் பட்ட பாடு, ஸ்பானிஷ் படித்தபோதுகூடப் பட்டதில்லை. பிறகு அவள் பேசத் தொடங்கினாள். அந்தக் குரலை அதற்குமுன் நான் முழுதாகக் கேட்டதே இல்லை.