கதிரவன் அத்தருக்குப் புரூப் போட்ட கதை

எங்கள் தெருவில் கதிரவன் வேலை விட்டு வருவதை யாரும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. வண்டி முக்கில் திரும்பும்போதே மூக்கு சொல்லிவிடும். சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் அவன் மெஷின்மேன். பட்டாசுப் பெட்டி லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று வருஷம் முழுக்க மைக்கும் மெஷின் கழுவுகிற மண்ணெண்ணெய்க்கும் நடுவில் நிற்கிறவன். அன்றைக்கு மெஷினில் என்ன நிறம் ஓடியது என்பதை நான் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். சிவப்பு ஓடிய நாளில் எங்கள் தெருக் கொசுக்கள் திருத்தங்கல் வரை போய்த் தங்கிவிட்டு விடிந்துதான் திரும்பும். நம்பாதவர்கள் கொசுக்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

கொசு போனால் நல்லதுதான். பெண்ணும் அல்லவா போய்விட்டது. முப்பத்துமூன்று வயது, கைநிறைய வேலை, குடி கிடையாது, பீடி கிடையாது. ஆனாலும் போன இடத்திலெல்லாம் தட்டிப்போனது. ஒரு வீட்டில் பெண்ணின் அம்மா, மாப்பிள்ளை ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறவரா என்று தரகரிடம் காதோடு காதாகக் கேட்டாராம். அவன் அம்மா பஞ்சம்மாள் கடலை மாவு, எலுமிச்சம்பழம், பாத்திரம் தேய்க்கிற புளி வரைக்கும் கொடுத்துக் குளிக்க அனுப்பிப் பார்த்தாள். தோல்தான் சிவந்தது. மணம் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கத்தாரில் வேலை பார்க்கும் அவன் அத்தை மகன் முனியராஜ் லீவில் வந்தான். கட்டைவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொடுத்தான். உள்ளே அகில் கட்டையிலிருந்து எடுக்கிற ஊது அத்தர். தேன்போலக் கறுத்து, கெட்டியாக இருந்தது. குச்சியால் தொட்டு மணிக்கட்டில் ஒரு புள்ளி வைத்தால் போதும் என்று முனியராஜ் சொன்னது உண்மை. அது கதிரவன் காதில் விழவில்லை என்பதும் உண்மை. அவன் தலைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி உள்ளங்கையில் ஊற்றிக் கழுத்து, மார்பு, காது மடல் என்று பூசிக்கொண்டு, வெம்பக்கோட்டைப் பக்கம் பெண் பார்க்கக் கிளம்பினான்.

பஸ்ஸில் ஏறும்போது நிற்கத்தான் இடம் இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் உட்கார இடம் கிடைத்தது. அதற்கும் அடுத்ததில் காலை நீட்டிப் படுக்கவே இடம் கிடைத்தது. பெண் வீட்டில், பல மாதமாகக் கட்டிலை விட்டு எழாத தாத்தா எழுந்து உட்கார்ந்து, "யாரு வீட்டுல பொணம் எடுக்காக?" என்று கேட்டார். அந்த வீட்டார் அதைச் சகுனமாக எடுத்துக்கொண்டார்கள். காப்பிகூட வரவில்லை.

சரக்கு நல்ல சரக்கு, கெட்டிதான் கூடிப்போச்சு என்று கதிரவன் முடிவு கட்டினான். அச்சகத்தில் மை கெட்டியாக இருந்தால் இளக்குவார்கள். அவன் அறிந்த உலகத்தில் கெட்டியான எதற்கும் வைத்தியம் ஒன்றுதான். மெஷின் துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட்டில் கொஞ்சம் கொண்டுவந்து, வேறொரு குப்பியில் எடுத்த பாதி அத்தரில் ஊற்றிக் குலுக்கினான். எந்த மணத்தை மூடுவதற்காக அத்தர் பூசினானோ அதன் உறவுக்காரனையே அத்தருக்குள் குடிவைத்தான்.

அந்தக் கலவையைப் பூசிக்கொண்டு எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு லேபிள் லோடோடு போனான். கேட்டில் நின்றவள் எழில். உள்ளே போகிறவர்களிடம் தீப்பெட்டி, செல்போன் இருக்கிறதா என்று சோதிக்கிற சூப்பர்வைசர். கதிரவனின் சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாம் காலி. போகலாம் என்று தலையசைக்கப் போனவள் நின்று, மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன போட்டிருக்கீக?"

"அத்தருங்க. கத்தார்ல இருந்து வந்தது."

"அத்தரோட கூட என்ன வந்திருக்கு?"

கதிரவனுக்குப் பொய் வராது. ஸ்பிரிட் என்றான்.

"ஏங்க, இங்கன செருப்புல ஆணி இருந்தாலே கழட்டிட்டுத்தான் விடுவோம். நீங்க ஆளே திரி கணக்கா வந்து நிக்கீக. லோடு உள்ள போகட்டும். நீங்க அந்த வேப்ப மரத்துக்கு அங்கிட்டு நில்லுங்க."

நின்றான். லோடு இறங்கி முடியும்வரை அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனை வேண்டாம் என்ற வீடுகளில் ஒருவர்கூட முகத்துக்கு நேரே காரணம் சொன்னதில்லை. இவள் சொல்லிவிட்டாள். அன்றைக்கு வந்து பஞ்சம்மாளிடம், கட்டினால் அந்தக் கேட்டுப் பெண்ணைத்தான், இல்லையென்றால் இனி எந்த வீட்டுப் படியும் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டான். தரகர் போய்ப் பேசினார். எழிலின் அப்பா சங்கிலிமுத்துவுக்குச் சம்மதம்தான். ஆடி கழிந்து முதல் வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். பெண்ணிடம் கேட்டதற்கு, வரட்டும், ஆனால் என் மூக்கு சரி என்று சொன்னால்தான் நான் சரி என்று சொல்வேன் என்றாளாம்.

ஒன்றும் பூசாமல் குளித்துவிட்டுப் போ லே என்றாள் பஞ்சம்மாள். ஒன்றும் பூசாவிட்டால் மண்ணெண்ணெய். பூசினால் பஸ் காலி. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் கண்டுபிடிக்க ஆடி மாதம் முழுதும் பாடுபட்டான் கதிரவன்.

ஸ்பிரிட் கூடாது, எண்ணெயில்தான் இளக்கவேண்டும் என்று முனியராஜ் போனில் சொன்னான். அதன்படி முதலில் தேங்காய் எண்ணெய். அத்தர் அடங்கியது, ஆனால் ஆள் கோயில் கருவறையிலிருந்து எழுந்துவந்த மாதிரி இருந்தான். அடுத்தது நல்லெண்ணெய். அதைப் பூசிக்கொண்டு கடைக்குப் போனவன் பின்னால் இரண்டு நாய் வந்தது. பரோட்டாக் கடை மாஸ்டர்கூடக் கல்லை விட்டு இறங்கி வந்து, யார் வீட்டில் பணியாரம் என்று விசாரித்தார். விளக்கெண்ணெய்க் கலவையைப் பற்றி எழுதினால் இதைப் படிக்கிறவர்களுக்கு இன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

கடைசியில் அவனுக்குத் தன் தொழில் ஞாபகம் வந்தது. எந்த லேபிளையும் முதலில் மாதிரித் தாள் அடித்து, அதாவது புரூப் போட்டுப் பார்க்காமல் லட்சக்கணக்கில் ஓட்டுவார்களா? மருந்துக் கடையில் மணமில்லாத பாதாம் எண்ணெய் வாங்கினான். ஒன்றுக்கு மூன்று பங்கு, ஒன்றுக்கு ஐந்து, ஒன்றுக்குப் பத்து என்று தனித்தனியாகக் கலந்து மூடி, நன்றாக ஊறவிட்டான். பிறகு ஆர்ட் பேப்பரைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கலவையைத் தொட்டு, எண் போட்டுத் துணிக்கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டான். மை காய்ந்த பிறகுதான் நிறம் பேசும் என்று காலையில் தொட்டதைச் சாயங்காலம்தான் மோந்து பார்க்கச் சொன்னான்.

தெருவே வந்து மோந்தது. எதிர்வீட்டுச் சோலையம்மாள் ஒவ்வொரு கீற்றுக்கும் கண்ணை மூடி, கோயில் பூசாரி மாதிரி வாக்குச் சொன்னாள். பஞ்சம்மாளோ ஆடி முழுக்க மோந்து மோந்து, சாம்பாரும் சாம்பிராணியும் ஒன்றாகத் தெரியுது என்று முதலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஓட்டு எண்ணியபோது நான்காம் கீற்றுக்குத்தான் அமோக வெற்றி. அது மனோரஞ்சிதம், தன் மூக்கு பொய் சொல்லாது என்று சத்தியம் செய்தாள் சோலையம்மாள்.

"அக்கா, அதுல ஒண்ணுமே தடவலக்கா. வெறுங் காகிதம். மத்ததோட ஒத்துப் பாக்கத் தொங்கவிட்டது" என்றான் கதிரவன்.

சோலையம்மாள் இன்றுவரை அது மனோரஞ்சிதம்தான் என்கிறாள்.

அந்தத் தேர்தலைக் கதிரவன் செல்லாது என்று தள்ளிவிட்டு, ஒன்றுக்குப் பத்தைத் தானே தேர்ந்தெடுத்தான். பக்கத்தில் வந்தால் தெரியும், தள்ளி நின்றால் தெரியாது.

வெள்ளிக்கிழமை பெண் வீட்டில் எல்லாம் முறைப்படி நடந்தது. காப்பி வந்தது. தாத்தா யாரும் எழவில்லை. பிள்ளைகள் இரண்டு வார்த்தை தனியாகப் பேசட்டும் என்று பின்வாசலுக்கு அனுப்பினார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் பஞ்சம்மாள் நின்றாள். அவள் கேட்டது பாதி, எனக்குச் சொல்லும்போது அவள் சேர்த்தது கால், நான் சேர்த்தது கால்.

எழில் முதலில் தள்ளி நின்றாள். பிறகு ஓரடி கிட்டே வந்தாள். ஸ்பிரிட் உண்டா என்று கேட்டாள். ஒரு சொட்டுக்கூட இல்லை, பாதாம் எண்ணெய் என்றான். இன்னும் ஓரடி வந்தாள்.

"மேல நல்லாத்தான் இருக்கு. அடியில மண்ணெண்ணெய் இருக்கே."

கதிரவனுக்கு முகம் விழுந்துவிட்டது. ஒரு மாதம் கலக்கிய கலக்கெல்லாம் வீண். ஆனாலும் சொன்னான்:

"அது அத்தர்ல இல்லைங்க. எனக்குள்ள இருக்கிறது. அது போகாது."

கதவுக்கு இந்தப் பக்கம் பஞ்சம்மாள் கும்பிடாத சாமி இல்லை. அப்புறம் எழில் தன் கையை நீட்டினாள்.

"மோந்து பாருங்க."

மோந்தான். கந்தகம்.

"எம்புட்டோ சோப்புப் போட்டாச்சு. போன வருசம் பொண்ணு பாக்க வந்தவுக இதத்தான் சொல்லிட்டுப் போனாக. இதுக்கு ஒண்ணு கலக்க முடியுமா?"

கதிரவன் யோசித்தான். கந்தகத்துக்கு ஊது சேராது, மல்லிகையோ வெட்டிவேரோ பார்க்கவேண்டும் என்றான். அப்புறம் மெல்ல, "புரூப் போடணுங்க. ஏழெட்டுத் தடவை வரவேண்டியிருக்கும்" என்றான்.

"வாங்க" என்றாள் எழில்.

பஞ்சம்மாள் உள்ளே ஓடிப்போய், தாம்பூலத் தட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று சங்கிலிமுத்துவைக் கேட்டாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கீற்றும் கிளிப்புமாகக் கதிரவன் எம். புதுப்பட்டிக்குப் போனான். தீபாவளி சீசனில்கூட ஒரு வாரம் தவறவில்லை. கல்யாணம் தை மாதம் முடிந்தது. கலவை மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை என்றுதான் இரண்டு பேரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.