மஞ்சள் லைட் அணையும்வரை

பழங்காநத்தத்தில் எங்கள் வாசலில் நிற்கும் பழைய டீசல் எஸ்.யு.வி.யை, கணவர் மறதி நோயில் படுத்தபிறகு, ஞாயிறுதோறும் நான்தான் ஸ்டார்ட் செய்கிறேன். சாவியைப் பாதி திருப்பியதும், எஞ்சினுக்குள் இருக்கும் ஹீட்டர் சூடாகும்வரை டாஷ்போர்டில் மஞ்சள் லைட் எரியும். அது அணைவதற்குள் முழுதாகத் திருப்பினால் வண்டி இருமும்; அவருக்குப் பொறுக்காது.

"அம்புட்டு என்ன அவசரம்? லைட் அணையட்டும்டி!" என்று கட்டிலிலிருந்தே கத்துவார். என் பெயரை மறந்தவர் அதை மறக்கவில்லை.

போன மாதம் அவர் பேச்சே நின்றுபோனது. திட்டாவது கிடைக்கட்டுமென்று, லைட் எரியும்போதே வேண்டுமென்றே சாவியைத் திருப்பினேன். வண்டி இருமிக் கரும்புகை கக்கியது. உள்ளே சத்தமில்லை. ஓடினேன்.

ஜன்னலைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்: "யார் வீட்டு வண்டிம்மா அது?"

"பக்கத்து வீட்டு வண்டிங்க" என்றேன்.

இப்போதெல்லாம் லைட் அணையும்வரை காத்திருக்கிறேன். எனக்கு இனி என்ன அவசரம்?