அப்பா கழற்றிய கதவு

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அப்பாவின் வாசகர்களுக்கும் வணக்கம். அப்பா போய் ஓராண்டு ஆகிறது. சடங்கு எதுவும் கூடாது என்பது அவர் விருப்பம். வருகிறவர்களுக்கு ஒரு இலைச் சாப்பாடும் கையில் இந்த நினைவு மலரும் போதும் என்று அம்மா சொல்லிவிட்டார். மூத்த மகள் என்பதால் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. புகழ்ச்சியாக மட்டும் எழுத எனக்கு வராது. அப்பாவுக்கும் அது பிடிக்காது.

செந்துறைக்குப் பக்கத்தில் மானாவாரி நிலத்தை நம்பியிருந்த குடும்பத்தில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர் அப்பா. வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த வருடங்களில் கூழுக்கும் பஞ்சம். அதையெல்லாம் தாண்டிப் படித்து, அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலை ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டில் எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். சீக்கிரமே அந்த வேலையையும் விட்டார். முடியும் தாடியும் வளர்த்தார். சாதிக்கும் வரதட்சணைக்கும் நகை மோகத்துக்கும் எதிராகத் தாமே எழுதி அச்சடித்த சிறு வெளியீடுகளைத் தோள்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுகளில் நின்று விற்றார். “என் தம்பி வளத்தது தாடி ஒண்ணுதான்” என்பார் பெரியப்பா. அம்மா சிறுவாச்சூர்ப் பெண். தாலி கட்டாமல் மாலை மாற்றிக்கொண்டு உடையார்பாளையத்தில் குடித்தனம் வைத்தார்கள். அப்பா எழுதினார், அம்மா ரவிக்கை தைத்தார். நாங்கள் சாப்பிட்டது ரவிக்கைக் காசில்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ‘கதவைக் கழற்று’ வெளிவந்தது. அப்பாவுக்குப் பெயர் வாங்கித் தந்த வெளியீடு அதுதான். பூட்டு மாட்டுகிறவன் பக்கத்து வீட்டுக்காரனைத் திருடன் என்கிறான், பசித்தவனும் துரத்தப்பட்டவனும் அனுமதி கேட்காமல் நுழையக்கூடியதுதான் வீடு என்று அதில் எழுதியிருந்தார். எழுதியதோடு விட்டிருக்கலாம். ஊருக்குத்தான் உபதேசம் என்று இருக்கத் தெரியாதவர். தச்சரை அழைத்து வாசல் கதவைக் கழற்றினார். தெருக்கோடியில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு அதைக் கொடுத்தார். உள் அறைக் கதவும் அதே வண்டியில் போனது.

அன்றிலிருந்து ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். மாணவர்கள், வேலை போனவர்கள், வீட்டில் சண்டை போட்டவர்கள், சும்மா பார்க்க வந்தவர்கள். திறந்த வீட்டில் நாய் நுழைந்த மாதிரி என்பார்கள். நாய் தேவலை, தின்றுவிட்டுப் போய்விடும். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வரும் பெண்களுக்காக அம்மா ஒரு பழைய சேலையைக் கயிற்றில் கட்டி வைத்தார். அதையும் விலக்கிக்கொண்டு “அய்யா இருக்காங்களா?” என்று யாராவது தலையை நீட்டுவார்கள். அளவு கொடுக்க வருபவர்கள் குறைந்துபோனார்கள். வயதுக்கு வந்தபின் நான் உடை மாற்ற எதிர்வீட்டுக்குப் போனேன்.

இன்னொன்றை அப்பாவின் வாசகர்கள் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். பூட்ட முடியாத வீட்டில் எப்போதும் ஒரு ஆள் இருந்தாக வேண்டும். அந்த ஆள் அம்மா. அப்பா ஊர் ஊராகப் பேசப் போனார். நானும் தங்கையும் பள்ளிக்கூடம் போனோம். அம்மா தம் சொந்தத் தம்பியின் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. சிறுவாச்சூர் என்ன சீமையிலா இருக்கிறது? எல்லோரும் வந்துபோன அந்த வீட்டுக்குள் அம்மா மட்டும் அடைபட்டுக் கிடந்தார். எனக்கு அப்பாமீது கோபம் இருந்தது. இன்னும் இருக்கிறது.

நன்மையையும் சொல்ல வேண்டும். பானுமதியும் வேலுவும் வெவ்வேறு சாதி. இரண்டு வீட்டாரும் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு காலையில் எங்கள் வீட்டுக்குள் ஓடிவந்தார்கள். அப்பா அவர்களை ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு அழைத்துப்போய்க் கல்யாணம் செய்துவைத்தார். இன்று திருப்பூரில் பிள்ளை குட்டிகளோடு இருக்கிறார்கள். அவர்களைப்போல இன்னும் சில ஜோடிகள் அந்த வாசலால் பிழைத்தன.

செல்வி பிழைக்கவில்லை என்று எழுதினால் தவறு, உயிரோடுதான் இழுத்துப்போனார்கள். அவளும் ஒருவனை விரும்பி அவனோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். அப்பா அச்சகத்துக்கும் அந்தப் பையன் வேலை தேடியும் போயிருந்த ஒரு மதியம், அவள் சித்தப்பாக்கள் வந்தார்கள். தடுக்க எதுவுமே இல்லை. நேரே நடந்துவந்து கூந்தலைப் பிடித்தார்கள். அம்மா அவள் கையை விடவில்லை. அம்மாவையும் வாசல்வரை இழுத்தார்கள். அடுத்த வாரமே வேறொருவனுக்குக் கட்டிவைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது.

அப்பா சில நாள் சாப்பிடவில்லை. பிறகு ‘கதவைக் கழற்று’வின் அடுத்த பதிப்புக்கு முன்னுரை எழுதினார். கதவு இருந்திருந்தாலும் உடைத்திருப்பார்கள், குற்றம் கதவில்லாத வீட்டின்மீது இல்லை என்று எழுதியிருந்தார். எதை எழுதினாலும் முதலில் அம்மாவிடம் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“ஒடச்சிருப்பாங்க. ஒடைக்கிற நேரத்துல நான் அவளைக் கொல்லப்பக்கமா அனுப்பியிருப்பேன்.”

அப்பா தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குக் கிளம்பினார். முன்னுரையை மாற்றவில்லை. அதற்குள் அவரைப் பார்த்துத் தங்கள் வீட்டுக் கதவையும் கழற்றியிருந்த எத்தனையோ வாசகர்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தவறிவிட்டேன் என்று சொல்லும் வழியை அவரே அடைத்துக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கடைசி மாதங்களில் அப்பா முன் அறையில் படுக்கையாகக் கிடந்தார். சிறுநீருக்குக் குழாய் போட்டிருந்தது. பார்க்க வந்தவர்கள் பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் என்னைக் குனியச் சொல்லி, “ஒரு சேலையக் கட்டி விடும்மா” என்றார். கட்டினேன். அன்று மாலையே பெரம்பலூரிலிருந்து வந்த ஒரு இளம் வாசகர் அதை அவிழ்த்து, அழகாக மடித்து, அப்பாவின் கால்மாட்டில் வைத்தார். அய்யா வூட்ல மறைப்பு எதுக்குங்க என்று பணிவாகத்தான் கேட்டார். ஊரையே கேள்வி கேட்ட அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கொல்லையில் போய் நின்று அழுதேன்.

அப்பாவின் மறைவுக்குப் பின் வாசகர்கள் கூடிப் பேசினார்கள். வீட்டை அப்படியே நினைவிடமாக வைக்க வேண்டும், வாசல் வாசலாகவே இருக்க வேண்டும் என்றார்கள். எல்லோருக்கும் டீ கொடுத்து முடித்துவிட்டு, “எனக்கு ஒரு கதவு வேணும்” என்றார் அம்மா. அது அய்யாவுக்குச் செய்கிற துரோகம் என்று ஒருவர் சொன்னார். தனியாக இருக்கப்போகிற ஒரு பெண்மணியிடம் பேசுகிற பேச்சா இது என்று நான் சண்டைக்குப் போனேன். அப்போது திருப்பூரிலிருந்து வந்திருந்த பானுமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கதவு இருந்திருந்தா அன்னிக்கு நாங்க தட்டவே பயந்திருப்போம்க்கா. தொறந்து கெடந்ததாலதான் உள்ள வந்து விழுந்தோம்.”

அவள் சொல்வதும் உண்மை. செல்வியைப் பற்றி அம்மா அன்று சொன்னதும் உண்மை. எந்தப் பக்கம் போனாலும் ஒருத்திக்குத் துரோகம். ஊர் திரும்பிய பிறகு, கதவைப் பற்றிக் கேட்பாரோ என்று பல மாதங்கள் அம்மாவின் போனை எடுக்கவே எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் அம்மா யாரையும் கேட்கவில்லை. தச்சரை அவரே வரச் சொன்னார். போன மாதம் வேப்பம்பலகையில் கதவு வந்துவிட்டது. மறுநாளே அம்மா அதைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, சிறுவாச்சூரில் தம்பி வீட்டுக்குப் போய்ச் சில நாள் தங்கிவிட்டு வந்தார்.

அப்பாவைக் கடைசிவரை தூக்கிக் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், எனக்காக ஒரு அறையை ஒழித்துத் தந்த எதிர்வீட்டு அத்தைக்கும், அப்பாவைத் தோளில் சுமந்த வாசகர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. துரோகம் என்றவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். அவரும் அழுதுகொண்டேதான் பாடையைத் தூக்கினார்.

இனி வருகிறவர்கள் தயவுசெய்து கதவைத் தட்டுங்கள். அம்மா உள்ளிருந்து யாரு என்று கேட்பார், பெயரைச் சொல்லுங்கள். துரத்தப்பட்டு ஓடி வருகிறவர்கள் பெயர்கூடச் சொல்ல வேண்டாம். அம்மா கதவைத் திறந்து உங்களை உள்ளே விட்டதும் தாழ்ப்பாள் போட்டுவிடுவார்.