அவரையே கேட்டிருக்கலாம்

என் வீட்டுக்காரர் கொடைக்கானலில் டூரிஸ்ட் கைடு. ஒரே கதையை நாள் முழுக்க ஆளுக்கு ஆள் சொல்லிப் பிழைத்த மனுஷன். அவருக்கு ஞாபகம் போகிறதென்று யார் கண்டுபிடிப்பது?

தூண் பாறையைக் காட்டி, "அந்தா நிக்கிறாங்கள்ல, மூணு பேரும் அண்ணன் தம்பிங்க. பாகம் பிரிக்கிறதுல சண்டை. அதான் மஞ்சு மூட்டம் இறங்குனதும் மூஞ்சிய மறைச்சுக்கிறாங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். ஒருநாள் அதே கூட்டத்துக்கு அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அதையும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்கள். "அண்ணன் இன்னைக்கு ஒரே ரீலையே ஓட்டிட்டாரு, அக்கா" என்று வேன் டிரைவர் வந்து சொன்னபோது நானும்தான் சிரித்தேன்.

பிறகு வீட்டிலும் ஆரம்பித்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "சோறு போடலையா?" என்பார். மதுரைக்குப் போய் டாக்டரிடம் காட்டுவோம் என்றேன். "எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? போய் சோலியப் பாரு" என்றார். அவருடைய அண்ணன் ஒரு படி மேலே போய், "அறுபத நெருங்குனா மறதி வரத்தான செய்யும்? சும்மா கெடக்குறவனப் பைத்தியமாக்காத" என்று என்னைச் சத்தம் போட்டார். எங்களூரில் மூட்டுவலிக்கு மதுரைக்குப் போவார்கள். மறதிக்கு யாரும் பஸ் ஏறுவதில்லை. அன்றைக்கு அத்தனை பேருக்கும் வாய் இருந்தது. நாசமாய்ப் போன வாய்.

ஏரிக்கரையிலிருந்து வீட்டுக்கு வர வழி தெரியாமல் அவர் அழுதுகொண்டு நின்ற பிறகுதான் மதுரைக்குப் போனோம். அதற்குள் இரண்டு வருஷம் ஓடியிருந்தது. அல்சைமர் என்றார் டாக்டரம்மா.

"குணமாக்குற மருந்து இல்லம்மா. ஆரம்பத்துலயே வந்திருந்தா கொஞ்சம் மெதுவாக்கப் பாத்திருக்கலாம். இனிமே எங்க இருக்கணும், எப்படி இருக்கணும்னு அவரையே கேட்டு முடிவு பண்ணியிருக்கலாம்."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை இன்னும் அறுக்கிறது. பழனியில் இருக்கும் மகள், கீழே வந்துவிடுங்கள் என்கிறாள். இவருக்கோ இந்தக் குளிரை விட்டு இறங்கினால் ஒருநாள் இருப்புக் கொள்ளாது. தனியாக வைத்துப் பார்க்க எனக்கும் தெம்பில்லை.

நேற்றுக் காலை வெயிலில் உட்காரவைத்துக் கேட்டேவிட்டேன். "மலையிலயே இருப்பமா, மக வீட்டுக்கு எறங்கிருவமா? நீங்களே சொல்லுங்க."

என்னை மரியாதையாகப் பார்த்தார். "நீங்க எந்த ஊருங்க?"

பிறந்த ஊரைச் சொன்னேன். "ஆயக்குடிங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட! என் சம்சாரமும் ஆயக்குடிதாங்க." பிறகு கொஞ்சம் யோசித்தார். "நீங்க கேட்டதுக்கு நானாச் சொல்ல முடியாதுங்க. வீட்டுல அவளக் கேட்டுட்டு வந்து சொல்றேன். அவ சொன்னாச் சரியா இருக்கும்."